பதிப்பெண் எழுதாமல் போனவருக்கு

உம்முடைய மடிக்கணினியைத் திறக்கும்போதெல்லாம் மூக்குப்பொடி மணம் வருகிறது. விசைகளுக்கு நடுவே எத்தனை வருடத்துப் பொடி இறங்கிக் கிடக்கிறதோ தெரியவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன். மணம் போகவில்லை, எனக்குத்தான் தும்மல் வந்தது. இன்று காலையும் மூன்று தும்மல் தும்மிவிட்டு நிமிர்ந்தபோது உம்மீது கோபம் கோபமாக வந்தது. அது ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் உம்மிடம் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இருந்ததில்லை.

நீர் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் உம்மை எடுத்துக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் உம் மகள் இந்தக் கணினியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "மாமா, மாத்திரைச் சீட்டு வேலைய நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு அப்பா சொல்லிட்டிருந்தாங்க" என்றாள். என்னிடம் நீர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். சொல்லியிருக்க மாட்டேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

இங்கே திருவனந்தபுரத்தில், பழவங்காடி சந்திப்பில், கோயிலுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் காப்பிக்கடையில்தான் இந்த வேலையை ஆரம்பித்தீர். நாம் இருவரும் ஒரே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. போனக்காடு எஸ்டேட்டில் உம் அக்கா செல்லத்தாயிக்கு அப்போதுதான் நெஞ்சு நோவு வந்து, இங்கே ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அனுப்பியிருந்தீர். மருந்துத் தாள் ஆங்கிலத்தில். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னது மலையாளத்தில். அக்காவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால்.

"நெறத்தப் பாத்து முழுங்குதா வே," என்றீர். "காலையில வெள்ள, ராத்திரி ரோஸ். மருந்துக் கம்பெனி மாறினா நெறமும் மாறிப்போகும்லா? அந்த லயத்து வீடுகள்ல பாதிப்பேருக்கு இதே கததான்."

அப்படிப் பிறந்தது மாத்திரைச் சீட்டு. போனக்காட்டுக்கு வந்துபோகும் சுகாதாரப் பணியாளர் ஷீஜா, டாக்டரின் தாளைப் பார்த்துக் கைபேசியில் பதிவார். இணையத்தில் எங்கோ, மேகம் என்கிற வாடகைக் கணினிகளில் இருக்கும் உம்முடைய நிரல் அதை ஒரு படமாக்கும். காலைக்கு எழும் சூரியன், மத்தியானத்துக்கு உச்சிச் சூரியன், சாயங்காலத்துக்கு விளக்கு. முழு மாத்திரைக்கு முழு வட்டம், அரைக்கு அரை வட்டம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் தமிழ். படம் உரியவரின் கைபேசிக்குப் போய்ச் சேரும்.

அந்த நிரலுக்கென்று தனிக் கணினி கிடையாது என்றபோது எனக்குப் புரியவில்லை. நீர் விளக்கினீர்.

"நாள் பூரா ஒரு மெசின ஓட விடாண்டாம் வே. இதுக்குப் பேரு சர்வர்லெஸ். கூப்பிட்டா எந்திரிக்கும், வேலைய முடிச்சிட்டுப் படுத்துக்கிடும்."

"நல்லதுதானே? பிறகு எதுக்குத் தலையில கை வச்சிட்டு இருக்கீரு?"

"எந்திரிச்சு வரும்போது அது கையில ஒண்ணும் இருக்காது. படம் வரையதுக்கு எவனோ எழுதி வச்ச நிரல், அதுக்கு லைப்ரரின்னு பேரு, மெசேஜ் அனுப்பதுக்கு இன்னொருத்தன் எழுதினது, எல்லாத்தையும் நாமதான் மூட்டையாக் கட்டிக் கூடவே அனுப்பணும். ஒண்ணு விட்டாலும் முழிச்சிட்டு நிக்கும். அந்த மூட்டதான் உசுர வாங்குது."

முதல் மூட்டையில் வந்த சீட்டு எனக்கு நினைவிருக்கிறது. எழுத்துகள் ஒட்டாமல், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. "என்ன தம்பி, எழுத்தெல்லாம் கை வேற கால் வேறயாக் கெடக்கு" என்று அக்கா கேட்டதாகச் சொல்லிச் சிரித்தீர். ஒரு வாரம் தேடி, தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையும் சின்னக் கோப்பு ஒன்றைக் கண்டுபிடித்து மூட்டையில் போட்டீர். அதன் பெயரை அன்றே என் டைரியில் எழுதிக்கொண்டேன். நீர் அதற்கும் சிரித்தீர்.

சிரித்தீரே தவிர, நீர் என்ன எழுதி வைத்தீர்? எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியல் இதோ திரையில் இருக்கிறது. பதினொரு பெயர். ஒன்றுக்கும் பக்கத்தில் பதிப்பெண் இல்லை. ஒவ்வொரு லைப்ரரியும் வருடத்துக்கு நாலு முறை மாறுகிறது. எந்தப் பதிப்போடு எது ஒத்துப்போயிற்று என்று எழுதாவிட்டால் பிற்பாடு கட்டுகிறவன் என்ன செய்வான்? இதை அன்றே கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"பேரு போதும் வே. வயசு எதுக்கு? பொண்ணா பாக்கப் போறோம்?"

பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். நான் காப்பியைக் குடித்தேன். அன்று இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்.

இனி போன வாரக் கதையைச் சொல்கிறேன். முதல் தப்பு என்னுடையதுதான். மேகத்தை நடத்தும் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உம் நிரல் ஓடும் கணினி மொழியின் பதிப்பு பழையதாகிவிட்டது, புதியதற்கு மாறவும் என்று. உம் அஞ்சல் பெட்டியில் தேடினால் இதே அஞ்சல் ஏழெட்டு முறை வந்திருக்கிறது. ஒன்றைக்கூட நீர் திறக்கவில்லை. நானோ மேகம் கறுக்கும் முன்பே குடையை விரித்துப் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூன்று முறை வாசித்து, புதிய பதிப்புக்கு மாற்றினேன். படம் வரையும் லைப்ரரி பழைய பதிப்புக்கென்றே கட்டப்பட்டது, புதியதில் ஏறாது என்பது எனக்குத் தெரியவில்லை. சும்மா விட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்பதும் தெரியவில்லை. நிரல் நின்றுபோயிற்று. பதறிப்போய்ப் பழையதற்குத் திரும்பப் பார்த்தேன். தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே பழையதைக் காணோம். எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. அன்றைக்கென்று அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஷீஜா கூப்பிட்டார். "சாரே, செல்லத்தாயி அம்மாவோட சீட்டு வந்தில்ல. நேத்தே பதிஞ்சாச்சு."

"என்ன மாற்றம்?"

"ரத்தம் கட்டியாகாம இருக்கதுக்கு சாயங்காலம் ஒண்ணு சாப்பிடுது இல்லியா, அது இனி அரை. பல்லு ஈறுல ரத்தம் வருது. டாக்டர் கண்டிப்பாச் சொல்லியாச்சு, அரைக்கு மேல கூடாது."

"அப்ப நீங்க அவங்ககிட்ட வாயால சொல்லிடுங்களேன்."

"சொல்லல்லைன்னா நெனச்சீங்க? அம்மா சம்மதிக்கல்ல சாரே. பழைய சீட்ட எடுத்துக் காட்டுது. அதுல முழு வட்டமாக்கும். தம்பி நம்பர்ல புதுசு வராம மாத்த மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

இந்த விதியைப் போட்டது நீர்தான். ஒரு தடவை யாரோ ஒருவர் தன் சீட்டைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்க, அதைப் பார்த்துச் சாப்பிட்ட பெரியவர் தலைசுற்றி விழுந்தார். அன்று போனக்காட்டுக்கே போய், லயத்து ஆட்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னீர். "என் நம்பர்ல வந்தாத்தான் சீட்டு. வேற யாரு நீட்டினாலும் நம்பாதீங்க, டாக்டரே வந்து சொன்னாலும் சீட்டு வரட்டும்னு சொல்லுங்க." நல்ல விதி. ஆனால் அந்த நம்பர் இப்போது எந்தக் கைபேசியிலும் இல்லை. அது நிரலின் கையில்தான் இருக்கிறது. நிரல் என் கையில்.

நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? இந்தக் கணினியிலேயே நிரலை ஓட்டி, சீட்டை உருவாக்கி, என் கைபேசியிலிருந்து அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு கூப்பிட்டும் பார்த்தேன். வீட்டில் ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தால்தான் அவருக்கு டவர் கிடைக்கும். ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டுப் பேசினார்.

"யாரு பேசுறது?"

"நான் அக்கா, திருவனந்தபுரத்துலேருந்து... தம்பியோட ஆபீஸ்ல..."

"ஓ, பயந்த சாரா? தம்பி சொல்லும். சொல்லுங்க சார்."

"ஒரு படம் அனுப்பியிருக்கேன். சாயங்கால மாத்திரை அரைதான் சாப்பிடணும்."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. தம்பி நம்பர்ல வரலையே."

"நம்பர்ல ஒரு சின்னக் கோளாறு அக்கா."

"கோளாறு தீந்ததும் அனுப்புங்க. உங்க மேல நம்பிக்க இல்லாம இல்ல சார். தம்பி சொல்லிட்டுப் போயிருக்கு, நான் மாத்தப்படாது."

தம்பி இப்போது இல்லையே என்று தொண்டை வரை வந்தது. சரி அக்கா என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமும் அவர் முழு மாத்திரை சாப்பிட்டார்.

புதன்கிழமை காலை மூட்டை கட்ட உட்கார்ந்தேன். பதினொரு லைப்ரரியையும் புதிதாக இறக்கி, கட்டி, மேலே ஏற்றினேன். ஓடவில்லை. என் மேசையில் இருக்கும் கணினிக்கென்று இறங்கியது என் மேசையில்தான் ஓடுமாம். மேகத்தில் இருப்பது வேறு இனம். அந்த இனத்துக்கானதைத் தேடி மறுபடியும் இறக்கினேன். அளவு மிஞ்சிவிட்டது, இவ்வளவு பெரிய மூட்டையை ஏற்க முடியாது என்றது. எது இத்தனை கனம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புள்ளிவிவரக் கணக்குகளுக்கான ஒரு பூதம், பாதி மூட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீர் அதை எதற்குப் போட்டீர் என்று நிரல் முழுக்கத் தேடினேன். ஒரே ஓர் இடம். சீட்டில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ண.

எண்ண! அந்த லயத்தில் யாரும் ஏழு மாத்திரைக்கு மேல் சாப்பிடுவதில்லை. விரல் விட்டே எண்ணலாமே ஐயா. நீர் கட்டிய காலத்தில் அந்தப் பூதம் குட்டியாக இருந்திருக்கும், இப்போது வளர்ந்துவிட்டது. வயசு எதுக்கு என்று கேட்டீரே, இதற்குத்தான்.

அந்த வரிக்குப் பக்கத்தில் நீர் எழுதியிருந்த குறிப்பு: "இது ஏன் ஓடுதுன்னு தெரியல்ல. தொடாண்டாம்." உம் நிரலில் இருக்கும் ஒரே குறிப்பு அது. அதை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். உம் வரியை அழிக்க நான் யார்? கடைசியில் அழித்தேன். எண்ணுவதற்கு நானே இரண்டு வரி எழுதினேன். மேசையில் ஓட்டிப் பார்த்தேன், ஓடிற்று. நாற்பது வருடப் பழக்கத்தில் உம் வேலையில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை. மூட்டை அளவுக்குள் வந்துவிட்டது. பத்து லைப்ரரி. டைரியைப் பார்த்து, தமிழ் எழுத்தைச் சேர்க்கும் அந்தச் சின்னக் கோப்பையும் மறக்காமல் போட்டேன். ஏற்றினேன். "அப்படி ஒரு லைப்ரரி இல்லை" என்று ஒரு சிவப்பு வரி வந்தது. இருக்கிறதே! மூட்டையைத் திறந்து பார்த்தால் கண்முன்னால் இருக்கிறது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். மறுபடியும் கட்டினேன், மறுபடியும் ஏற்றினேன். அன்று மட்டும் ஏழு தடவை. ஏழு தடவையும் இல்லை, இல்லை என்றது. கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சாதிக்கும் ஒன்றோடு எப்படி வாதாடுவது? வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன். நான் எரிந்து விழுந்ததைப் பார்த்து வீட்டில் பயந்துபோய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஷீஜாவின் குரலே மாறியிருந்தது. "சாரே, அம்மாவோட தலகாணி உறையில ரத்தம். மாத்திரைய எடுத்து வச்சுக்கலாமுன்னு பாத்தா அம்மா சண்டை பிடிக்குது. இன்னைக்கும் சீட்டு வந்தில்லைன்னா நான் ஜீப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவேன், கேட்டோ. அம்மா வருமான்னும் தெரியாது."

கடைசியாக ஒன்று தோன்றியது. நீர் கட்டிய பழைய மூட்டையை மேகத்திலிருந்து இறக்கி, என் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் திறந்தேன்.

உம்முடையதைத் திறந்தவுடன் லைப்ரரிகளின் கோப்புறை. எடுத்த எடுப்பில் சரக்கு. என்னுடையதைத் திறந்தால் முதலில் ஒரு மேலுறை. "மாத்திரைச்சீட்டு, லைப்ரரிகள், திருத்தியது" என்று அழகாகப் பெயர் எழுதி நான் போட்ட கோப்புறை. அதற்குள்ளே லைப்ரரிகள். அடுக்கியதில் வேறு எந்த வித்தியாசமும் இல்லை. மேகம் கதவைத் திறந்ததும் முதல் தட்டில்தான் தேடும். உறையைப் பிரித்து உள்ளே பார்க்க அதற்குத் தெரியாது. முந்தின நாள் ஏழு தடவையும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த நிமிடம் எனக்கு உம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அலுவலகத்தில் நாம் துளையட்டைகளில் நிரல் எழுதிய காலம். என்னுடைய அட்டைக் கட்டை இயந்திரம் மூன்று நாள் தொடர்ந்து திருப்பித் துப்பியது. கட்டுக்கு மேலே, தலைப்பு, பெயர், பிரிவு எல்லாம் குண்டெழுத்தில் எழுதிய ஓர் அட்டையை நான் முகப்பாக வைத்திருந்தேன். வேலைக்கான உத்தரவு அட்டைதான் முதலில் இருக்க வேண்டும், இயந்திரத்துக்கு என் முகப்பு எதற்கு? நீர் வந்து அதை உருவி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர். "உம்மகிட்ட ஒரு தாளு கேட்டா மூணு உறைய உரிக்கணும் வே. மெசினுக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா?" பிரிவு முழுவதும் சிரித்தது. அன்று காது சிவக்க உட்கார்ந்திருந்தேன். அப்புறமும் நான் திருந்தவில்லை என்பதற்கு அக்காவின் தலையணை உறை சாட்சி.

ஆகவே உம்மைத் திட்டிக்கொண்டு வந்த பாதி வழியில் என்னையும் திட்ட வேண்டியதாயிற்று. நீர் எதையும் எழுதி வைக்காமல் என்னைப் படுத்தினீர். நான் எல்லாவற்றுக்கும் உறை போட்டு அக்காவைப் படுத்தினேன்.

உறையை உரித்தேன். ஏற்றினேன். சிவப்பு வரி வரவில்லை. ஷீஜாவைக் கூப்பிட்டு மறுபடியும் பதியச் சொன்னேன். அரை நிமிடத்தில், "சாரே, வந்நு! அம்மாவோட போன்ல வந்நு!" என்று கத்தினார். அந்தச் சீட்டை எனக்கும் அனுப்பினார். எழுத்து ஒன்றும் சிதறவில்லை. சாயங்கால விளக்குக்குப் பக்கத்தில் அரை வட்டம்.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. எண்ணும் வரி நான் எழுதியது, லைப்ரரி எல்லாம் புதுப் பதிப்பு, எங்கே எது மாறியிருக்கிறதோ. ஷீஜாவிடம் டாக்டரின் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வாங்கி, அச்செடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அக்கா சாப்பிட்டு முடித்திருப்பார் என்று ஏழு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். சீட்டை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

ஜன்னலைப் பார்த்து வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக. "காலையில... சாப்பாட்டுக்கு முன்னால... ஒண்ணு." நான் தாளில் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். "சாயங்காலம்... சாப்பாட்டுக்குப் பிறகு... அரை." வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"சரியா சார்?"

அலுவலகத்தில் நாம் அனுப்பிய ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கட்டம் இருக்கும். தயாரித்தவர், சரிபார்த்தவர். முதல் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடுவேன், இரண்டாவதில் நீர். ஒரு பார்வை பார்ப்பீர், கிறுக்குவீர், அவ்வளவுதான். அந்த ஒரு கிறுக்கலுக்காக நான் ஒவ்வொரு தாளோடும் உம் மேசைக்கு நடந்து வந்திருக்கிறேன். முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டதில்லை.

"சார், இருக்கீங்களா? சரியான்னு கேட்டேன்."

தாளை இன்னொரு முறை பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"சரிதான் அக்கா. அரைதான்."

"சரின்னா சரி," என்றார். மாத்திரை உடைபடும் சத்தம் போனில் கேட்காது. ஆனாலும் நான் காதிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி இருந்தா திங்கக்கிழமையே அனுப்பியிருக்கும்" என்றார். ஆமாம் அக்கா என்றேன்.

இப்போது ஈறில் ரத்தம் நின்றிருக்கிறது என்று ஷீஜா சொல்கிறார். பட்டியலில் பத்துப் பெயருக்கும் பக்கத்தில் பதிப்பெண் எழுதிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை அக்காவுக்கு மறுபடியும் ரத்தம் பார்க்கிறார்கள். அளவு மாறும், சீட்டு வரும், விரல் வைத்து வாசித்துவிட்டு என்னைக் கேட்பார். உம்முடைய குளறுபடிகள் அத்தனையையும் இந்த ஒரு வாரத்தில் பொறுத்துக்கொண்டுவிட்டேன். அந்த இரண்டாவது கட்டத்தை எனக்கு விட்டுப் போனதை மட்டும் இன்னும் பொறுக்க முடியவில்லை.